ஏறிவிடும், இறங்குமா?

என் சின்னம்மா அமுதவல்லிக்கு மலை என்றால் பயம். சேந்தமங்கலத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே கொல்லிமலை சுவர் மாதிரி தெரியும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்தவள். ஆனாலும் பேருந்தில் போகும்போது காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் கண்களை இறுக மூடிக்கொள்வாள். மேலே சோளக்காட்டில் கண்டக்டர் இறங்கச் சொன்ன பிறகுதான் திறப்பாள். எழுபது வளைவுகளில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை.

அப்படிப்பட்டவள் மலையேறி இறங்க ஒரு வண்டி வாங்க வேண்டியதாயிற்று. அதைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

சின்னம்மா மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்தார்கள். பால் சொசைட்டியில் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது, வேறு யாரும் முன்வராததால் இவள் தன் பெயரைக் கொடுத்தாள். ஆரம்பத்தில் தோட்டத்துக்காரர்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்களாம். "அவியளுக்குத்தான் வெக்கம். மாட்டுக்கு ஒண்ணுமில்ல" என்பாள். இப்போது அவளுடைய போனில் எண்கள் ஆட்களின் பெயரில் இல்லை. 'செவலை, காளப்பநாயக்கன்பட்டி', 'கொம்பு மொடஞ்சது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால' என்று மாடுகளின் அடையாளத்தில்தான் இருக்கும்.

இந்த வேலையில் நேரம் பிந்தினால் எல்லாம் போயிற்று. மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால் ஒரு நாளுக்குள் ஊசி போட்டாக வேண்டும். தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். கீழே சமவெளி ஊர்களில் தன் பழைய மொபெட்டில், கால் வைக்கும் இடத்தில், ஊசிக் குச்சிகளை உறையவைத்திருக்கும் திரவ நைட்ரஜன் கேனை நிறுத்திக்கொண்டு, எங்கே இருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடுவாள். மலை ஊர்களுக்கென்று இருந்த ஆள் வராத நாளில் இவளைக் கூப்பிடுவார்கள், அங்கே அது நடக்காது. கேனோடு அந்த மொபெட் மலை ஏறாது. பேருந்தைப் பிடித்துப் போனால், "கத்தி முடிச்சிருச்சு அம்மிணி, போயிட்டு அப்பறமா வாங்க" என்பார்கள்.

கார்த்திகையில் அந்த ஆள் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். சொசைட்டிச் செயலாளர் அப்புசாமி சின்னம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தை பொறந்ததும் மேல இருக்கற ஊரையும் நீங்களே பாத்துக்கறதா இருந்தா, ரெண்டுமே உங்களுக்குத்தானுங்க. முடியலீன்னா சொல்லீருங்க. மேலயும் கீழயும் சேத்து ஒரே ஆளுக்குக் குடுத்தரலாம்னு மேலிடத்துல பேசிக்கறாங்க."

பதினைந்து வருட வேலை. வண்டி வாங்கி மலைக்குப் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, கரண்டு வண்டி நல்லா ஏறுமாமா? மேல ஒரு வாத்தியாரு வெச்சிருக்கறாரு. அவரு போறப்ப மாடு தலையத் தூக்கிக்கூடப் பாக்கறதில்ல. பெட்ரோல் வண்டி சத்தங் கேட்டா மலை மாடு கவுத்த அத்துக்கிட்டு ஓடுது. நீ பிசிக்ஸ் படிச்சவ. நீ எதச் சொல்றியோ அதையே வாங்கிக்கறேன்."

எங்கள் குடும்பத்தில் அம்மா வழியிலும் அப்பா வழியிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறேன். வேலை கிடைக்கவில்லை. ஆனால் மாத்திரை அட்டையிலிருந்து கரண்ட் பில் வரை எல்லாம் என்னிடம்தான் வரும். எனக்குத் தெரியும் என்று அவர்கள் நம்புகிறார்கள். எனக்கு என்னதான் தெரியும் என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன். மாத்திரை அட்டையாவது பரவாயில்லை. இது சின்னம்மாவின் உயிர். நான் ஒரு பெயரைச் சொல்வேன், அவள் அதில் ஏறி எழுபது வளைவு இறங்குவாள்.

ஒரு வாரம் வீடியோக்களாகப் பார்த்தேன். இந்த வண்டி இத்தனை பாகைச் சரிவு ஏறும், அந்த வண்டி ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசினார்கள். இடையிடையே எங்கோ ஒரு மின்வண்டி பற்றி எரியும் வீடியோவும் வந்து நிற்கும். அதைச் சின்னம்மாவுக்குக் காட்டாமல் தள்ளிவிடுவேன். அவளோ அதை ஏற்கெனவே வாட்ஸப்பில் பார்த்திருந்தாள்.

சித்தப்பா குழந்தைவேல் லாரி டிரைவர். நாக்பூர் பக்கம் எங்கோ லோடு இறக்கக் காத்திருந்தவர் போனில் வந்தார்.

"மலையில ஒரே சட்டந்தான். ஏறுன கியர்லயே எறங்கோணும். அந்த வண்டிக்கு எத்தன கியரு?"

"கியரே இல்லீங்க" என்றாள் சின்னம்மா.



"அப்பறம் எதப் புடிச்சு எறங்குவ? சாமியப் புடிச்சா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் போனை வைத்த பிறகு நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. நான் தேடிப் பார்த்தேன். மின்வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் டைனமோ மாதிரி மாறி வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடியில் கொஞ்சம் சார்ஜும் ஏறும். அதை அவளிடம் விளக்கினேன். "அப்ப அதுதான் கியரு" என்றாள். ஆமாம் என்றேன். எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டாள். அதை எந்த வீடியோவும் சொல்லவில்லை.

சேலம் போனோம். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம், வீடியோக்களைப் பார்த்து நான் தேர்ந்தெடுத்த வண்டியை விற்கிற ஒரு ஷோரூம். விற்பனையாளர் சபரிநாதனுக்கு என் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு சார்ஜுக்கு நூத்தியிருவது கிலோமீட்டருங்க்கா."

"அது ஏறுற கணக்குங்களா, எறங்குற கணக்குங்களா?"

"ரோட்டுல போற கணக்குங்க."

"மலையிலயும் ரோடுதான போட்டிருக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சின்னம்மா கொண்டுவந்திருந்த காலி கேனை எடுத்துக் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தாள். நின்றது. முட்டியால் இரண்டு பக்கமும் அணைத்துப் பார்த்தாள். அதுவும் சரி. அந்த வண்டி அவளுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. சாவி போட்டு ஓட்டுகிற வண்டி. மொபெட் மாதிரியே இருந்தது.

"ஓட்டிப் பாருங்க்கா. இப்பிடியே அஞ்சு ரோடு வரைக்கும் போயிட்டு வரலாம்."

"அஞ்சு ரோட்டுல என்ன இருக்குது? நான் கொல்லிமலைக்குப் போகோணும்."

"மலைக்கெல்லாம் டெஸ்ட் ரைடு தரமாட்டாங்கங்க்கா."

"ஏந் தம்பி, உங்கூட்டுல மாடு இருக்குதா?"

"எடப்பாடிப் பக்கம், அப்பா வெச்சிருக்கறாருங்க."

"மாடு வாங்கறப்ப என்ன பண்ணுவாரு? வெடியால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா, ரெண்டு நேரமும் கறந்து பாக்காம அவுத்துட்டு வருவாரா?"

சபரிநாதன் சிரித்தார். "வரமாட்டாருங்க."

"ஒரு நேரக் கறவையப் பாத்து வாங்கறவன் ஏமாளின்னு எங்கூர்ல சொல்லுவாங்க. இதுக்கு ஏத்தம் ஒரு நேரம், எறக்கம் ஒரு நேரம். ரெண்டையும் பாக்காம நான் எப்பிடி வாங்கறது?"

அவர் உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஷோரூமின் டெமோ வண்டியைச் சரக்கு ஆட்டோவில் காரவள்ளிக்குக் கொண்டுவருவதாகவும், மலையில் தாமே பெட்ரோல் பைக்கில் பின்னாலேயே வருவதாகவும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலை வெயில் நன்றாக இருந்தது. சின்னம்மா கேனில் நைட்ரஜன் நிரப்பி, ஊசிக் குச்சிகளோடு வந்திருந்தாள். "வெறுங்கேன வெச்சுப் பாத்தா வெறுங்கணக்குத்தான் வரும்" என்றாள். மேலே ஒரு வீட்டில் மாடு வேறு கத்திக்கொண்டிருந்ததாம். பின்சீட்டில் நான் உட்கார வேண்டும் என்றாள். தீவன மூட்டை ஏற்றினால் வண்டி எப்படிப் போகும் என்று பார்க்கவாம். "நீதான் மூட்ட" என்று சிரித்தாள். ஆனால் ஹெல்மெட் பட்டையைப் பூட்டிவிட்டு, மறுபடி அவிழ்த்துப் பூட்டினாள். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகக் கண்ணைத் திறந்துகொண்டு மலையேறப் போகிறாள்.

ஏற்றம் நன்றாகவே போனது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். சின்னம்மா முதல் சில எண்களைச் சத்தமாகப் படித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். மோட்டார் மட்டும் 'உய்ங்' என்று மெல்ல இரைந்துகொண்டிருந்தது. வலது பக்கம் பள்ளம் திறந்தபோதெல்லாம் நான் அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் அப்படிச் செய்ய முடியாதே என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சோளக்காட்டில் இறங்கியதும் திரையைப் பார்த்தோம். பாதிக்கும் கொஞ்சம் கீழே சார்ஜ் இருந்தது.

"ஏறிருச்சு" என்றாள் நம்ப முடியாதவள் போல. "கண்ணு, ஏறிருச்சு!"

பக்கத்து ஊரில் ஒரு கருப்பு மாட்டுக்கு ஊசி போட்டாள். வண்டி போய் நின்றபோது அந்த மாடு அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை. சின்னம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திரும்பும்போது சபரிநாதனுக்கு ஷோரூமிலிருந்து போன் வந்தது. "போயிட்டே இருங்க்கா, பின்னாடியே வந்தர்றேன்" என்றார்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் சின்னம்மாவின் வலது கை ஒரு கணம் கீழே போய் மீண்டும் பிடிக்கு வந்தது. பின்னால் இருந்த எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை.

எங்கள் பக்கத்தில் மொபெட் ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான் அது. இறக்கம் வந்தால் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவார்கள். இறக்கத்தில் எதற்குப் பெட்ரோல்? ஏரிக்கரைச் சரிவு, ரயில்வே பாலத்துச் சரிவு என்று எல்லா இடத்திலும் கை தானாகவே சாவிக்குப் போகும். பதினைந்து வருடமாக அவள் கை அப்படிப் போய்ப் பழகியது. அன்றும் போனது.

முதல் வளைவில் ஒன்றும் தெரியவில்லை. காற்று முகத்தில் இதமாக அடித்தது. அடுத்தடுத்த வளைவுகளில் வேகம் கூடிற்று. சின்னம்மா பிரேக்கைப் பிடித்தாள், விட்டாள், பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் விடுவதே இல்லை என்றாயிற்று. ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. காட்டில் யாரோ சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். நாற்றம் எங்கள் கூடவே வந்தது.

"கண்ணு, புடிக்க மாட்டீங்குது."

அவள் குரல் சின்னக் குழந்தையுடையது போல இருந்தது.

"மெதுவாப் போ சின்னம்மா!"

"நான் எங்க போறேன்? அதுதான் போவுது!"

அந்த நேரத்தில்தான் காதில் காற்று மட்டும் இரைவதை உணர்ந்தேன். ஏறும்போது கேட்ட 'உய்ங்' சத்தம் இல்லை. மோட்டார் செத்துக் கிடக்கிறது, வண்டியை இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை.

"சாவி! சாவியப் போடு சின்னம்மா!"

அவளால் எப்படிப் போட முடியும்? இரண்டு கையும் இரண்டு பிரேக்கையும் உயிரைக் கொடுத்து நசுக்கிக்கொண்டிருந்தன. ஒன்றை விட்டால் பாதிப் பிடியும் போய்விடும். நான் கையை நீட்டிப் பார்த்தேன். என் எடை சாய்ந்ததும் வண்டி பள்ளத்துப் பக்கம் ஆடியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். கீழே அடுத்த வளைவில் ஒரு பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டே ஏறி வந்தது. சாலை முழுவதையும் அது அடைத்துக்கொண்டு திரும்பும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

சின்னம்மா கைப்பிடியை மலைப் பக்கம் ஒடித்தாள். வண்டி சாலையோர வாய்க்காலில் இறங்கி, மண்கரையை உரசி உரசிக் கொஞ்ச தூரம் போய்ச் சாய்ந்தது. நான் புல்லில் உருண்டேன். வானமும் மரமும் மாறி மாறித் தெரிந்து பிறகு நின்றன. கை கால்களை அசைத்துப் பார்த்தேன். எல்லாம் அசைந்தன. சின்னம்மாவைத் தேடினேன். தெரியவில்லை. வாய்க்கால் முழுக்க வெள்ளைப் புகை.

பேருந்து நின்றுவிட்டது. ஜன்னலில் ஒருவர் கத்தினார்.

"பேட்டரி வெடிக்கப் போவுது! எட்ட ஓடுங்க!"

நான் ஓடவில்லை. தைரியத்தால் அல்ல. வீடியோவில் பார்த்த எரியும் வண்டிகள் எல்லாம் கண்முன் வந்தன. சின்னம்மா உள்ளே கிடக்கிறாள், நான் சொல்லித்தான் இந்த வண்டியில் ஏறினாள் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. யாரோ ஒருவர் இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் புகைக்குள் வீசினார்.

"மண்ணுப் போடாதீங்க! மாட்டு ஊசிங்க அது!"

புகைக்குள்ளிருந்து சின்னம்மாவின் குரல். காற்றடித்துப் புகை விலகியபோது, முழங்கையில் ரத்தத்தோடு மண்டியிட்டு, கேனை நிமிர்த்திக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். சாய்ந்த கேனிலிருந்து கொட்டிய நைட்ரஜன்தான் வெண்புகையாகக் கிளம்பியிருக்கிறது.

"மாட்டு ஊசி எதுக்குங்க பொகையுது?" என்றார் கண்டக்டர் எட்ட நின்றே.

"அது பொகையில்லீங்க, குளுரு! வெறுங் குளுரு!"

பேருந்தில் சிலர் சிரித்தார்கள். சின்னம்மா சிரிக்கவில்லை. என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து உடம்பு குலுங்க அழுதாள். "உங்கம்மாளுக்கு நான் என்ன பதிலு சொல்லியிருப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பேருந்து போன பிறகு சபரிநாதன் வந்து சேர்ந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பின்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார். பிறகு சாவியைப் பார்த்தார்.

"சாவிய ஆருங்க்கா அணைச்சது?"

சின்னம்மா தன் வலது கையைப் பார்த்தாள். வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தாள்.

"நாந்தான். எனக்கே தெரியாம அணைச்சிருக்கறேன்."

அவர் கோபப்படவில்லை. வெளிறிப்போயிருந்தார். "ஆட்டோ கூப்புட்டு வண்டிய ஏத்தி விட்டர்றேன். நீங்க பஸ்ல எறங்குங்க்கா" என்றார். வண்டியில் விழுந்த கீறல்களைப் பற்றிக் கேட்டதற்கு, "அதக் கம்பெனி பாத்துக்கும், நீங்க கையப் பாருங்க" என்று தன் கைக்குட்டையை நீட்டினார்.

சின்னம்மா வாய்க்கால் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் இறங்கிவிடலாம் என்று நான் கெஞ்சினேன். சக்கரம் ஆறியதும் எழுந்தாள்.

"பஸ்ல எறங்குனா இன்னொருக்கா இதுல ஏற மாட்டேன் கண்ணு. என்னப் பத்தி எனக்குத் தெரியும். நீ தம்பி வண்டியில வா."

சாவியைப் போட்டாள். ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் வண்டியை இறக்கத்தில் நகர்த்தினாள். 'உய்ங்' என்ற சத்தம் மீண்டும் வந்தது. மோட்டார் வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது. அதற்கும் மேல் தேவைப்பட்டபோது மட்டும் பிரேக்கைத் தொட்டாள். நடந்து போகிறவர்களின் வேகத்தில்தான் இறங்கினாள். நாங்கள் பின்னால் ஊர்ந்தோம். அவள் தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. காரவள்ளி வரை அவை இறங்கவே இல்லை.

அடிவாரத்தில் நிறுத்திவிட்டுச் சபரிநாதனிடம் கேட்டாள்.

"தம்பி, ஓடறப்ப கை தவறிப் போனாலும் அணையாத வண்டி இருக்குதா?"

அவர் யோசித்தார்.

"பட்டன் வண்டி இருக்குதுங்க. ஓடறப்ப அமுக்குனாலும் அணையாது. ஆனா எங்க கம்பெனி மாடல்ல கால் வெக்கற எடம் சின்னது, கேன் நிக்காதுங்க." தலையைச் சொறிந்தார். "எங்களுக்கு எதுத்தாப்புல இருக்கற கடையில ஒண்ணு இருக்குது. எடமும் பெருசு, முன்னாடி டிஸ்க் பிரேக்கு, மோட்டாரு இழுத்துப் புடிக்கறதையும் கூட்டிக் கொறைச்சுக்கலாம். நாஞ் சொன்னேன்னு சொல்லீராதீங்க்கா."

அந்த வண்டியையும் மலைக்குக் கொண்டுவர வைத்தாள். என் இடத்தில் தவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏறினாள், இறங்கினாள். நான் காரவள்ளியில் நின்றிருந்தேன். இந்த முறை அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதையே எடுத்துக்கொண்டாள். என்னைக் கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்ததா, வருத்தமாக இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

தை பிறந்து சில நாளில் மேலேயிருந்து முதல் அழைப்பு வந்தது. காலையிலேயே தூறல். மலை பாதிக்கு மேல் பனிமூட்டத்தில் மறைந்திருந்தது. மழையில் வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் போனில், "வாரேனுங்க, மாட்ட நனையாமக் கட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடிவாரம் வரை அவளோடு போய் டீக்கடையில் காத்திருந்தேன். வளைவுகளில் போன் எடுக்காது. மேலேயிருந்து வந்த ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, கேன் வைத்த அம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். சிலர் பார்த்தோம் என்றார்கள், சிலர் பார்க்கவில்லை என்றார்கள். இரண்டுமே எனக்கு ஒரே மாதிரி பயமாக இருந்தன. பொழுது சாயும் முன் ஒரு லாரி, அதன் பின்னால் ஒரு பேருந்து, அதற்கும் பின்னால் அவசரமே இல்லாமல் அந்த வண்டி வந்தது.

நிறுத்தினாள். இறங்கவில்லை. ஹெல்மெட் பட்டையை அவிழ்க்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் அவிழ்த்துவிட்டேன். முகம் முழுக்க மழைத் தண்ணீர். உதடு வெளுத்திருந்தது.

"ஊசி போட்டாச்சா சின்னம்மா?"

"ம். போட்டாச்சு."

டீயை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்.

"பக்கத்து ஊட்டுலயும் ஒண்ணு கத்தற மாதிரி இருக்குதாமா. வெடியால மறுக்கா போகோணும்."